சிலிக்கா ஃபியூமுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறது. பின்பக்கம் சமையலறையை நீட்டி, மேலே ஓர் அறை எழுப்பப் போகிறோம். குத்தகையாளர், "சிலிக்கா ஃபியூம் போட்டு ஹை ஸ்ட்ரெங்த் கான்கிரீட் ஊற்றித் தருகிறேன்" என்று 2,800 ரிங்கிட் அதிகம் கேட்கிறார். அண்ணனோ, செம்பனை ஆலைச் சாம்பல் சும்மா கிடைக்கிறது, அதையே சிமெண்டோடு கலக்கலாம், பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது அம்மா. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, கல்லையும் மணலையும் பிடித்துக்கொள்ளும் பசையோடு கொஞ்சம் சுண்ணாம்பும் உண்டாகிறது. வலுவுக்கு அந்தச் சுண்ணாம்பால் பெரிய பயனில்லை. சிலிக்கா ஃபியூம் (சிலிகான் உலைப் புகையிலிருந்து பிடிக்கும் மிக நுண்ணிய தூள்), அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் போன்றவை அதைப் பிடித்து மேலும் பசையாக மாற்றிவிடுகின்றன. சிலிக்கா ஃபியூமின் துகள் சிமெண்டுத் துகளில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதனால் சிறு இடுக்கிலும் புகுந்து அடைத்துக்கொள்ளும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் தூண்களுக்கு 80 மெகாபாஸ்கல் (அழுத்தத்தைத் தாங்கும் வலுவின் அளவு) வரை வலுவுள்ள கான்கிரீட் போட்டார்கள். அந்தக் கலவையில் இது உண்டு. உங்கள் மாதிரி வீட்டுக்கு இஞ்சினியர் வழக்கமாக எழுதுவது கிரேட் 25 அல்லது 30, அதாவது 25 அல்லது 30 மெகாபாஸ்கல். அதற்கு நல்ல சிமெண்டும் அளவான தண்ணீருமே போதும்.

சிலிக்கா ஃபியூமை சிமெண்டு எடையில் 5 முதல் 10 விழுக்காடு சேர்ப்பார்கள். 50 கிலோ பைக்கு 2.5 முதல் 5 கிலோ வரும். அவ்வளவு நுண்ணிய தூள் தண்ணீரை இழுக்கும். சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற திரவத்தை அளந்து சேர்க்காவிட்டால் கலவை ஓடாது. ஓடவில்லை என்றதும் வேலையாள் என்ன செய்வார்? ரப்பர் குழாயை மிக்சருக்குள் விடுவார். தண்ணீர் கூடினால் வலு குறையும், உங்கள் 2,800 ரிங்கிட் அப்போதே போச்சு. போதாததற்கு, சின்ன மிக்சரில் அந்தத் தூள் சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக நின்றுவிடுவதும் உண்டு.

நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். தண்ணீர் சிமெண்டு எடையில் பாதி என்றால் 50 கிலோ பைக்கு 25 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் சேரும். நம் ஊரில் சாயங்காலம் மழை பெய்யாத நாள் குறைவு. வெளியே கொட்டிய மணல் மறுநாளும் நனைந்தே இருக்கும், அன்றைக்குத் தண்ணீர் இன்னும் குறைய வேண்டும். மிக்சர் பக்கத்தில் அளவு போட்ட வாளி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் மட்டும் கிடந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அண்ணன் சொல்லும் சாம்பல் விஷயம் எனக்கும் பிடித்த ஒன்றுதான். செம்பனை நாரும் ஓடும் எரிந்த சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்ப்பது பற்றி நம் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாக ஆராய்கின்றன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அதைச் சலித்து, நைசாக அரைத்து, சில நேரம் மறுபடி சுட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆலையிலிருந்து அப்படியே அள்ளி வருவது கொரகொரப்பானது, எரியாத கரி கலந்து கறுத்திருக்கும். அந்தக் கரி தண்ணீரைக் குடிக்கும், வலு குறையும். அதை மரத்தடிக்கு உரமாகப் போடுவதுதான் சரி. தூணில் போடாதீர்கள்.

சரி, பணத்தை எதில் செலவழிப்பது? முடிந்தால் ரெடிமிக்ஸ், அதாவது ஆலையில் அளந்து கலந்து லோரியில் வரும் கான்கிரீட், வாங்குங்கள். லோரி நிறையாவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதைக் கொடுத்தாலும் தகும். லோரியோடு வரும் டெலிவரி சீட்டில் கிரேட் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கலந்தார்கள் என்று பாருங்கள். அதே கான்கிரீட்டைச் சிறு கனசதுர அச்சில் ஊற்றி (இதுதான் கியூப்) 28-ஆம் நாள் வலுவைச் சோதிக்கச் சொல்லுங்கள். இறுகியபின் ஏழு நாளாவது ஈரம் காயாமல் சாக்கு போட்டு நனையுங்கள். நிலக்கரிச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்டு மெதுவாகத்தான் வலுப்பெறும். அதற்கு இன்னும் சில நாள் நனைப்பது நல்லது, சிலாப்பைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை அவசரமாகப் பிரிக்கவும் கூடாது.

கிரேட், கியூப் சோதனை, நனைக்கும் நாள் எல்லாவற்றையும் குத்தகையாளரின் விலைப்பட்டியலில் எழுத்தில் வாங்குங்கள். வேலை கெட்டுப்போனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வாய்ப்பேச்சு நிற்காது, காகிதம்தான் நிற்கும்.

கேள்வி: சிமெண்டுப் பையில் 'செம் 2' என்று போட்டிருக்கிறது. கலப்படமா?
— அதே வாசகி

பதில்: இல்லை. செம் 1 ஏறக்குறைய சுத்த சிமெண்டு. செம் 2-இல் வேறு பொருள் 35 விழுக்காடு வரை இருக்கலாம், முறைப்படி சேர்த்ததுதான். ஏ அல்லது பி-க்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள்: எஸ் என்றால் இரும்பாலைக் கசடு, வி என்றால் நிலக்கரிச் சாம்பல், எல் என்றால் சுண்ணாம்புக்கல். முதல் இரண்டும் பிற்பாடு வலுவைக் கூட்டும். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் நிரப்பிதான். அடுத்து, சிமெண்டின் வலுவைச் சொல்லும் எண்: தூணுக்கும் சிலாப்புக்கும் 42.5 வாங்குங்கள், 32.5 பூச்சு வேலைக்கும் செங்கல் அடுக்கவும் போதும். தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இல்லாத பையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.