இரண்டாம் டோஸ் சொன்ன தேதியில் கிடைக்குமா?

நாடு முழுக்கத் தடுப்பூசி போடும்போது எல்லோருக்கும் இரண்டாம் டோஸைக் குறித்த தேதியில் போட்டுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும், முதல் டோஸ் போடும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கினால். எந்த அரசுக்கும் அதற்கு மனசு வராது. தினசரி அறிவிப்பில் கைதட்டு வாங்குவது முதல் டோஸ் கணக்குதானே!

வாரம் 10 லட்சம் டோஸ் வருகிறது, இடைவெளி 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததையெல்லாம் முதல் டோஸாகவே போட்டுத் தீர்த்தால், 13-வது வாரம் வரும் 10 லட்சமும் பழைய கடனுக்கே போய்விடும். புதிதாக ஒருவருக்கும் கிடையாது. அந்த வாரம் பார்த்து 6 லட்சம்தான் வந்தால் 4 லட்சம் பேர் காத்திருக்க வேண்டியதுதான். பாதியை ஒதுக்கி வைக்கலாம்; ஆனால் தொற்று பரவும்போது மருந்தைக் குளிர்பெட்டியில் பூட்டி வைப்பதற்கும் கல்நெஞ்சு வேண்டும்.

கொரோனா தடுப்பூசியில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டன் 2020 டிசம்பர் 30-ல் இடைவெளியை 12 வாரம் வரை நீட்டியது. ஃபைசருக்கு முதலில் சொன்னது 3 வாரம். திட்டு வாங்கினார்கள், ஆனாலும் சரக்கு தொடர்ந்து வந்ததால் சமாளித்தார்கள். வங்கதேசத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்தியாவிலிருந்து வர வேண்டிய கோவிஷீல்டு நின்றுபோக, 2021 ஏப்ரல் 26-ல் முதல் டோஸ் போடுவதையே நிறுத்தினார்கள். அர்ஜென்டினாவில் இன்னொரு சிக்கல். ரஷ்யத் தடுப்பூசியான ஸ்புட்னிக்கின் இரண்டு ஊசியும் ஒரே மருந்தல்ல. இரண்டாவது போதுமான அளவு வந்து சேரவில்லை. கடைசியில் வேறு நிறுவனத் தடுப்பூசியை இரண்டாம் டோஸாகப் போட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் தேதியே நகர்ந்தது. கோவிஷீல்டு இடைவெளி 4–6 வாரம் என்று தொடங்கி, 2021 மார்ச்சில் 6–8 ஆனது, மே 13-ல் 12–16 ஆனது. அப்போது ஒரு முகாமில் பதிவு மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் சீட்டை நீட்டி, "இந்தத் தேதிய நீங்கதானப்பா எழுதிக் குடுத்தீங்க?" என்றார். 84 நாள் ஆகவில்லை என்று அரசின் பதிவுத் தளமான கோவின் அவரை ஏற்கவில்லை. இடைவெளி கூடினால் அந்தத் தடுப்பூசி நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் புதுக் கணக்குப்படி அவர் தாமதமானவர் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டவர்! அதனால்தான் "குறித்த நேரத்தில் போட்டோம்" என்று யார் சொன்னாலும், எப்போது குறித்த நேரம் என்று கேட்பேன்.

சரக்கு தாராளமாக இருந்தாலும் எல்லோரும் திரும்பி வந்துவிடுவதில்லை. தட்டம்மைத் தடுப்பூசி பல பத்தாண்டுகளாக நடக்கிற திட்டம். 2023-லும் உலக அளவில் முதல் டோஸ் 83%, இரண்டாவது 74%. எங்கள் முகாமில் நினைவூட்டுவதே பெரிய பாடு. அப்போது கோவினில் ஒரே கைபேசி எண்ணில் நாலு பேர் வரை பதிய முடிந்ததால் பல முதியவர்களுக்குப் பேரன் எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோதான் கொடுத்திருந்தார்கள். குறுஞ்செய்தி போகும், ஆனால் ஊசி போட வேண்டியவரிடம் அல்ல.