மகளின் கல்லூரிப் பணத்தில் நினைவு நாணயம் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. ஊரிலுள்ள அடிமை முறை ஒழிப்பு அருங்காட்சியகத்துக்கு அவளை அழைத்துச் சென்றபோது, அடிமை நிலையிலிருந்து தப்பி மற்றவர்களையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன் கதையைக் கேட்டு அசந்துபோனாள். அதனால் 2024இல் வெளியான டப்மன் வெள்ளி டாலரைச் சுமார் 80 டாலருக்கு வாங்கிக் கொடுத்தேன். விலையில் ஒரு பகுதி அந்த அருங்காட்சியகத்துக்கே போகிறது என்று படித்தபோது ஒரு யோசனை வந்தது. அவள் கல்லூரிக்காக மாதம் 200 டாலர் ஒதுக்க முடியும். அதை இதுபோன்ற நினைவு நாணயங்களில் போட்டால் சேமிப்பும் ஆகும், தர்மமும் ஆகும், பிள்ளைக்கு வரலாறும் தெரியும் அல்லவா? 529 கல்விச் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்கிறார் என் மனைவி. கோவையிலுள்ள அப்பாவோ சோழர் நினைவாக வெளியான நாணயங்களை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதற்காக நாணயத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே 200 டாலரிடம் மூன்று வேலை வாங்கப் பார்க்கிறீர்கள். அதில்தான் சிக்கல்.

நீங்கள் வாங்கிய நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் எடை 26.73 கிராம், கிட்டத்தட்ட முழுவதும் தூய வெள்ளி. உலோகங்களுக்குரிய டிராய் அவுன்ஸ் கணக்கில் 0.859. கணக்குக்காக வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பு 26 டாலர்கூட இல்லை. 10 டாலர் நன்கொடை. மீதி 44 டாலர் வடிவமைப்புக்கும், பளபளப்பான ப்ரூஃப் அச்சுக்கும், பெட்டிக்கும், சான்றிதழுக்கும், விற்பனைச் செலவுக்கும் போகிறது. நாணயத்தை விற்கும் நாளில் இந்த 44 டாலரில் எவ்வளவு திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நன்கொடையாகப் போன 10 டாலர் நிச்சயமாகத் திரும்பாது, திரும்பவும் கூடாது. உலோகத்தை மட்டும் நம்பிப் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் வெள்ளி விலை அவுன்ஸ் 93 டாலரைத் தொட வேண்டும். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். வெள்ளி ஏறும் என்பதுதான் உங்கள் நம்பிக்கை என்றால் அதற்கு நினைவு நாணயம் தேவையில்லை. உலோக விலையை ஒட்டி விற்கும் சாதாரண வெள்ளிக் காசே போதும்.

“நாளானால் அரிதாகிவிடும், விலை கூடும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமே பதில் சொல்கிறது. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டையொட்டி 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு நிதி திரட்டவே 1892இல் கொலம்பஸ் உருவம் பதித்த அரை டாலர் நாணயத்தை அச்சிடத் தொடங்கினார்கள். 50 சென்ட் முகமதிப்புள்ள காசை ஒரு டாலருக்கு விற்றார்கள். ஒரு தட்டச்சுப்பொறி நிறுவனம் விளம்பரத்துக்காக முதல் நாணயத்தைப் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஆனால் லட்சக்கணக்கில் அச்சிட்டுவிட்டதால் மீதமானவற்றில் ஏராளமானவை வெறும் 50 சென்ட்டாகப் புழக்கத்துக்குப் போயின. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், தேய்ந்துபோன கொலம்பஸ் காசுக்கு அதிலுள்ள வெள்ளியின் விலையைவிட அதிகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. வயதானால் மட்டும் நாணயத்துக்கு விலை வந்துவிடாது. தேடுகிறவர்களைவிட நாணயம் குறைவாக இருக்க வேண்டும்.

டப்மன் வெள்ளி டாலருக்குச் சட்டம் வகுத்த உச்சவரம்பு 4 லட்சம். “வரையறுக்கப்பட்ட பதிப்பு” என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அண்மைக்கால நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை உச்சவரம்பைத் தொடுவதே இல்லை. வேண்டியவர்கள் எல்லோருக்கும் கிடைத்த பிறகும் மிஞ்சுகிறது என்றால் அங்கே அருமை எங்கிருந்து வரும்?

தர்மம் என்று பார்த்தால் இந்த நாணயங்கள் உண்மையிலேயே பெரிய காரியங்களைச் செய்திருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சுதந்திரதேவி சிலையின் நூற்றாண்டையொட்டி 1986இல் வெளியான நாணயங்களில் அரை டாலருக்கு 2, வெள்ளி டாலருக்கு 7, தங்கத்துக்கு 35 டாலர் என்று கூடுதல் தொகை வசூலித்தார்கள். சிலையையும், குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவையும் புதுப்பிக்க இந்த வகையில் திரண்டது சுமார் 8.3 கோடி டாலர். இன்று எல்லிஸ் தீவுக் கூடத்தில் நிற்கும் எவரும் அந்தப் பணத்தின் பலனைக் கண்ணால் பார்க்கலாம். அதே நாணயத்தை வாங்கியவர்களின் நிலை வேறு. ப்ரூஃப் வெள்ளி டாலர் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் விற்றதால், இன்றும் அது வெள்ளியின் விலையை ஒட்டியே கைமாறுகிறது. கொடையாகப் பார்த்தால் வெற்றி. முதலீடாகப் பார்த்தால் வாங்கியவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் கேள்விக்கான விடை ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு நாணயத்திலேயே இருக்கிறது.

பணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றுகிறது. யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கும். டப்மன் நாணயத்தின் தொகையை உங்கள் ஊர் அருங்காட்சியகமும், நியூயார்க் மாநிலம் ஆபர்னில் டப்மன் வாழ்ந்த இல்லத்தைப் பராமரிக்கும் அமைப்பும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் நாணயச்சாலை முதலில் தன் செலவை மீட்டாக வேண்டும். பிறகு, பெறப்போகும் அமைப்பு தனியாரிடமிருந்து அதே அளவு நிதியைத் தானே திரட்டிக் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் பணம் கைக்கு வரும். 1990களில் வரைமுறையின்றி நினைவு நாணயங்களைக் குவித்து, குறிப்பாக 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது சந்தையையே நிறைத்துவிட்ட அனுபவத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகள் இவை. ஆண்டுக்கு இரண்டு தலைப்புகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் அப்போது வந்ததுதான். நல்ல கட்டுப்பாடு என்பேன்.

இப்போது உங்கள் 200 டாலருக்கு வருவோம். ஆண்டுக்கு 2,400 டாலர். முழுவதும் 80 டாலர் நாணயமாக வாங்கினால் 30 நாணயம் சேரும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாணயத்தின் நகல்களாகத்தான் இருக்கும். நற்பணிக்குப் போவது 300 டாலர். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

அந்த 300 டாலரை நேராக அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுங்கள். மாதம் 25 டாலர்தான் ஆகிறது. நடுவில் எதுவும் கழியாது. மேலே சொன்ன இரண்டு நிபந்தனைகளும் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவும் வேண்டாம். வரியிலும் பலன் உண்டு. பொருள் வாங்கக் கொடுத்த விலையில் அந்தப் பொருளின் மதிப்புக்கு ஈடான பகுதியை வருமான வரித்துறை நன்கொடையாக ஏற்காது. மேலும், செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் முறையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு 2022 முதல் 2025 வரை சிறு நன்கொடைகளால் வரிச்சலுகையே கிடைக்கவில்லை. 2026ஆம் வரியாண்டு முதல் இது மாறுகிறது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களும் தகுதியுள்ள அறக்கட்டளைகளுக்குப் பணமாகக் கொடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,000 டாலர் வரை. ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

மாதம் 150 டாலர் 529 திட்டத்துக்குப் போகட்டும். உங்களிடம் ஒன்பது ஆண்டு இருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் (இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட விகிதம், வாக்குறுதி அல்ல) கல்லூரி வாசலில் சுமார் 21,400 டாலர் கையில் இருக்கும். நீங்கள் போட்டது 16,200. தகுதியான கல்விச் செலவுக்கு எடுத்தால் வளர்ச்சிக்கு மத்திய அரசின் வரி கிடையாது. ஒஹாயோ மாநிலத்தின் சொந்தத் திட்டத்தில் போட்டால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை மாநில வருமானத்தில் கழிக்கலாம்; உங்கள் 1,800 டாலர் அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. நாணயத்துக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. லாபத்தில் விற்றாலும் சேகரிப்புப் பொருள் என்ற வகையில் நீண்டகால ஆதாயத்துக்கு 28 சதவீதம் வரை வரி விதிக்க இடமுண்டு. பங்குகளுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் கட்டுவது 15 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. அதற்கும் முன்னால், செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் நாணயப் பெட்டியோடு கடைகடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மீதி மாதம் 25 டாலர், ஆண்டுக்கு 300. இதில் தாராளமாக நாணயம் வாங்குங்கள். வருமானம் எதிர்பார்க்காமல் வாங்குங்கள். ஆண்டுக்கு மூன்று நாணயம் ஒரு பிள்ளைக்குப் போதுமான செல்வம். உங்கள் மகளிடம் உள்ள டாலரைத் திருப்பிக் காட்டுங்கள். கோத்த கைகளே பாலமாக, அதன்மேல் மனிதர்கள் நிழலுருவமாகக் கடந்து போகிறார்கள். வானத்தில் சப்தரிஷி மண்டலம் துருவ நட்சத்திரத்தைச் சுட்டுகிறது. இரவில் வடக்கே தப்பிச் சென்றவர்களுக்கு அந்த நட்சத்திரம்தான் வழிகாட்டி. உங்கள் நகரத்தை ஒட்டி ஓடும் ஒஹாயோ ஆறுதான் அன்று அடிமை மாநிலத்துக்கும் சுதந்திர மாநிலத்துக்கும் எல்லை. ஒரு குழந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வரலாறு இது. 80 டாலருக்கு இது கிடைப்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு நாணயம் கற்றுத்தருவதையேதான் அதன் பத்து நகல்களும் கற்றுத்தரும்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் முழுப்பக்க விளம்பரத்தோடு வரும் தங்கமுலாம் பூசிய “நினைவு வெளியீடு”களில் பல, தனியார் அச்சிட்ட பதக்கங்கள். அவற்றுக்குச் சட்டமும் இல்லை, நன்கொடை விதியும் இல்லை. அமெரிக்க நாணயச்சாலையில் நேராக வாங்கினால் எந்த நாணயத்துக்கு எவ்வளவு தொகை யாருக்குப் போகிறது என்பது விற்பனை விவரத்திலேயே இருக்கும். இப்போது வழக்கமாகத் தங்கத்துக்கு 35, வெள்ளிக்கு 10, அரை டாலருக்கு 5. நாணயச்சாலை விற்று முடித்த பிறகு மறுவிற்பனைக் கடையில் வாங்கினால் நற்பணிக்கு ஒரு காசும் கூடுதலாகச் சேராது என்பதையும் மறவாதீர்கள். நாணயத்தை உறையிலிருந்து எடுத்துத் துடைக்காதீர்கள். துடைத்த நாணயத்தின் மதிப்பைச் சேகரிப்பாளர்கள் உடனே குறைத்துவிடுவார்கள். வீட்டுக் காப்பீட்டையும் ஒருமுறை படியுங்கள். பல பாலிசிகளில் திருடுபோன நாணயங்களுக்கான இழப்பீடு மொத்தமாகவே 200 டாலரோடு நின்றுவிடுகிறது.

அப்பாவின் யோசனை அருமையானது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இந்திய அரசு 2010இல் 1,000 ரூபாய் நாணயம் வெளியிட்டது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். டப்மனுக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் இருந்தால் உங்கள் மகள் இரு மண்ணின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பாள். இந்திய நினைவு நாணயங்களின் விலையில் அமெரிக்காவைப் போல நன்கொடைப் பங்கு கிடையாது. யாராவது அப்படிச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் வாங்க வேண்டாம். இந்திய அரசு நாணயச்சாலையின் இணைய விற்பனையில் கிடைப்பதை அப்பா தன் பெயரில் பதிவு செய்யட்டும். அங்கே தீர்ந்துபோனதை மட்டும் பெயர்பெற்ற நாணய வணிகரிடம் ரசீதோடு வாங்கட்டும். அன்பின் மிகுதியில் வீட்டிலுள்ள பழைய காசுகளையும் சேர்த்து அனுப்பிவிடப் போகிறார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் இந்தியத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவை கோவையிலேயே இருக்கட்டும், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தாத்தாவே எடுத்துக் காட்டட்டும்.