வெளிநாட்டுச் செய்தி: யார் தருகிறார்கள், யார் தடுக்கிறார்கள்? (கேள்வி பதில்)

கேள்வி: பல நாட்டுச் செய்தித் தளங்களைப் படிக்கிறேன். வரிகூட மாறாமல் ஒரே செய்தி வருகிறதே, ஏன்?

பதில்: பெரும்பாலும் அது ஒரே செய்தி முகமை, அதாவது செய்தி சேகரித்து ஊடகங்களுக்கு விற்கும் நிறுவனம், தந்த செய்தியாக இருக்கும். வெளிநாட்டில் நிருபர் வைக்கும் செலவை மிகச் சில நிறுவனங்களே தாங்கும். மற்றவர்கள் ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற முகமைகளுக்குச் சந்தா கட்டி வாங்குகிறார்கள். இது பழைய வழக்கம்தான். 1870-இலேயே லண்டனின் ராய்ட்டர்ஸ், பாரிஸின் அவாஸ், பெர்லினின் வோல்ஃப் ஆகிய மூன்று முகமைகளும் உலகைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவர் பகுதியில் மற்றவர் செய்தி விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். செய்தி பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு ஒரே திசையில் பாய்கிறது என்ற குறையை யுனெஸ்கோவின் மக்பிரைடு ஆணையம் 1980-இல் விரிவாக எழுதியது. அதனால் எத்தனை தளம் என்று எண்ணாதீர்கள். நிருபர் எந்த ஊரிலிருந்து எழுதினார், யாரிடம் பேசினார் என்று பாருங்கள். சம்பவம் நடந்த நாட்டின் பத்திரிகை ஒன்றை, இயந்திர மொழிபெயர்ப்பிலாவது, கூடவே படியுங்கள்.

கேள்வி: ஒரு தளம் திறக்கவில்லை என்றால் அரசு தடுத்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். சீனா 2012-இல் நியூயார்க் டைம்ஸைத் தடுத்தது, அது அரசின் வேலை. ஆனால் 2018-இல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில அமெரிக்கப் பத்திரிகைகள் தாங்களாகவே ஐரோப்பிய வாசகர்களுக்குக் கதவை மூடின. கனடாவில் 2023 ஆகஸ்டிலிருந்து ஃபேஸ்புக்கில் செய்தி இணைப்புகளே இல்லை. செய்திக்குப் பணம் தரச் சொன்ன சட்டத்துக்கு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா காட்டிய எதிர்ப்பு அது. திரையில் 451 என்ற பிழை எண் வந்தால், தளம் திறக்காததற்குச் சட்டக் காரணம் என்று பொருள். சந்தேகம் இருந்தால், தளம் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலியில் சோதிக்கலாம். ஆனால் ஒன்று: கடும் கண்காணிப்புள்ள நாட்டில் அந்தச் சோதனையே ஆபத்தாகலாம்.

கேள்வி: ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டியை ஐரோப்பா தடை செய்ததும், பிபிசியை ரஷ்யா தடுத்ததும் ஒன்றுதானே?

பதில்: இரண்டும் 2022 மார்ச்சில் நடந்தவை, ஆனால் ஒன்றல்ல. ராணுவம் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ வெளியிட்டால் 15 ஆண்டு வரை சிறை என்று ரஷ்யா அப்போது சட்டமும் போட்டது. அது நிருபரையே மிரட்டுவது. ஆர்டி அரசுப் பிரச்சாரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அரசு ஊடகம் என்று அடையாளமிட்டு விட்டுவைத்திருக்கலாம்; மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: இணையமே போய்விட்டால்?

பதில்: சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி. அதே 2022 மார்ச்சில் பிபிசி உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் சிற்றலையில் தினம் நான்கு மணி நேரம் ஒலிபரப்பத் தொடங்கியது. பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ போதும். யார் கேட்கிறார்கள் என்ற பதிவும் எங்கும் இருக்காது.