சூரியனில் மினுங்கும் பொட்டுகள்: உங்கள் கேள்விகள்

கேள்வி: ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் சூரியப்புள்ளிகளுக்கு நடுவே பொடிப்பொடியாக ஒளிப்பொட்டுகள் தெரிந்தன. வடிகட்டியைச் சரியாக 656.28 நானோமீட்டருக்குக் கொண்டுவந்ததும் மறைந்துவிட்டன. கருவியில் கோளாறா?

பதில்: கருவி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் எல்லர்மன் குண்டுகள். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய ஃபெர்டினண்ட் எல்லர்மன் 1917இல் இவற்றை ‘ஹைட்ரஜன் குண்டுகள்’ என்றே எழுதினார். அணுகுண்டுகூட வராத காலம் அது! வெடிப்பு நடப்பது அடியில், நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பான ஒளிமண்டலத்தை ஒட்டி. அதற்கு மேலே உள்ள வாயு அடுக்கான நிறமண்டலத்தில் இழை இழையாகப் படர்ந்திருக்கும் ஹைட்ரஜன், தன் நிறமாலைக் கோட்டின் நட்டநடு அலைநீளத்தில், அதாவது நீங்கள் வைத்த 656.28 நானோமீட்டரில், அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. கோட்டின் ஓரங்களில் அந்தத் திரை கிடையாது. அதனால் நிறமாலையில் நடுவே கறுப்பு, இரு பக்கமும் வெளிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். சோவியத் ஆய்வாளர் செவெர்னி 1950களில் இவற்றை ‘மீசை’ என்றார். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், பார்த்தவுடனே புரிந்துவிடும்.

கேள்வி: அங்கே வெடிப்பது எது?

பதில்: காந்தப்புலம். உள்ளிருந்து புதிதாக மேலெழும் புலத்தில் எதிரெதிர்த் துருவங்கள் உரசும்போது, விசைக்கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் வாயுவைச் சூடாக்குகிறது. ஒரு பொட்டின் அகலம் ஏறக்குறைய 700 கி.மீ., சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போகும் தூரம். சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

கேள்வி: ‘கேம்ப்ஃபயர்’ என்பதும் இதுதானா?

பதில்: இல்லை. அவை சோலார் ஆர்பிட்டர் விண்கலம் 2020 மே 30 அன்று புற ஊதாவில் எடுத்த படங்களில் சிக்கிய குட்டி ஒளிர்வுகள். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் அடிப்பகுதியைச் சேர்ந்தவை. வெப்பம் 10 லட்சம் டிகிரியைத் தாண்டும்.

கேள்வி: புள்ளியே இல்லாத அமைதியான இடத்திலும் பொட்டுகள் தெரிகின்றனவே?

பதில்: சூரியப் பரப்பு கொதிக்கும் உலைபோலக் குமிழ் குமிழாக இருக்கும். குமிழ்களுக்கு இடையிலான இருண்ட சந்துகளில் காந்தப்புலம் நெருக்கிக் கட்டியிருக்கும் இடங்கள் அவை. அங்கே வாயு குறைவு. அதனால் நம் பார்வை இன்னும் ஆழத்துக்கு இறங்கி, பக்கத்துச் சூடான சுவர்களைத் தொடுகிறது. எதுவும் வெடிக்கவில்லை, ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: எல்லர்மன் குண்டுகளை மறுபடி பார்க்க என்ன செய்யலாம்?

பதில்: புதிதாக முளைத்து வளரும் புள்ளிக்கூட்டமாகத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டியைக் கோட்டின் நடுவிலிருந்து சற்றே விலக்கி வையுங்கள். அப்புறம் பத்து நிமிடமாவது கண்ணை எடுக்காதீர்கள். சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி இல்லாமல் மட்டும் ஒரு நொடிகூடப் பார்க்க வேண்டாம்.