ரேடியாலஜி படித்தால் வேலை இருக்குமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்து நோயறியும் துறை) மேல் ஆசை, ஆனால் ஏஐ வந்தபின் அந்த வேலையே இருக்காது என்று பக்கத்தில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். 2016இல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற பெரிய ஏஐ அறிஞரே, ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். இன்றும் மருத்துவமனைகள் அவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது அக்குளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்ததைப் பார்த்துத்தான் மகளுக்கு இந்த ஆர்வம் வந்தது என்கிறீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போவது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு. கணுவின் வெளிச்சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, நடுவில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்புப் பகுதி மறைந்திருந்தாலோ டாக்டருக்குச் சந்தேகம் வரும். ஆனால் சாதாரணக் கிருமித்தொற்றிலும் கணு தடிக்கும். நோய் பரவிய கணு சில நேரம் இயல்பாகவே தெரியும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) முடிவு தெரிந்த படங்களை ஏராளமாகக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள்.

அல்ட்ராசவுண்டில் படம் நன்றாக வருவது உடலில் வைக்கும் புரோப் என்ற கருவியைப் பிடித்த கையைப் பொறுத்தது. கோணம் மாறினால் படம் மாறும். ஒரு மருத்துவமனைப் படங்களில் பழகிய புரோகிராம் வேறு கருவியில் தடுமாறுவதும் உண்டு. நோய் பரவியதை உறுதிசெய்வது இன்றும் ஊசி பயாப்ஸிதான்.

சரி, படிப்புக்கு வருவோம். டாக்டர் வழி என்றால் நீட், எம்பிபிஎஸ், பிறகு 3 ஆண்டு எம்டி, நீண்ட பயணம். அவளுக்குக் கணக்கும் பிடிக்கும் என்பதால் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்கையும் பாருங்கள். சென்னை ஐஐடி 2023இல் மருத்துவமும் பொறியியலும் சேர்ந்த 4 ஆண்டு பிஎஸ் படிப்பு தொடங்கியது. அதற்கு ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

டெக்னீஷியன் ஆவதற்கான பிஎஸ்சி ரேடியாலஜி மட்டும் கவனம். சிடி, எம்ஆர்ஐ பக்கம் நல்ல வேலைதான். ஆனால் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் கருவிகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் தருவது டாக்டரின் வேலை. 'ஏஐ அல்ட்ராசவுண்ட் நிபுணர் ஆகலாம்' என்று யாராவது கல்லூரி சீட் விற்றால், படித்தபின் யார் பெயரில் ரிப்போர்ட் போகும் என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

நோயாளி பக்கத்தில் இருக்க விருப்பமா, கணினியைப் பழக்க விருப்பமா என்று மகளிடமே கேட்டு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதற்கப்புறம் பேசலாம்.