இசை கேள்வி–பதில்: மறுபடியும் கேட்கலாமா?

கேள்வி: ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'தி அஸ்டோனிஷிங்' என்ற இரட்டை வட்டு இசைத்தொகுப்பை 2016 ஜனவரியில் வெளிவந்தவுடன் கேட்டு, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவர்களுடைய 1999ஆம் ஆண்டின் கதை சொல்லும் இசைத்தொகுப்பான 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' எனக்கு மனப்பாடம் என்பதால் ஏமாற்றம் அதிகம். இதற்காக மறுபடியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடுவது தகுமா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தகும், ஆனால் ஒரே அமர்வில் வேண்டாம். முதல் தடவை நானும் இரண்டாம் வட்டைத் தொடவில்லை. மொத்தம் 34 தடங்கள், ஏறத்தாழ 130 நிமிடங்கள். இருபது நிமிடங்களைத் தாண்டும் ஒற்றைப் பாடலில் நம்மை மூழ்கடித்துப் பழகிய குழு, இதில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும் பாடல்களைக் கொண்டே கதையை நகர்த்துகிறது. நாம் எதிர்பார்த்து உட்கார்ந்தது சிக்கலான தாளக்கட்டுகளையும் நீண்ட வாத்தியப் பகுதிகளையும். கதையை எழுதிய கிட்டார் கலைஞர் ஜான் பெட்ரூச்சியும், அவருடன் இசையமைத்த கீபோர்டு கலைஞர் ஜோர்டான் ரூடஸும் செய்து வைத்திருந்ததோ மேடைக்குரிய ஓர் இசை நாடகம். அப்படி எண்ணிக்கொண்டு கேட்டபோது, முன்பு வெறும் மென்மையாகத் தோன்றிய ரூடஸின் பியானோவும், டேவிட் கேம்ப்பெல் அமைத்துக் கொடுத்த ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும்தான் இந்தத் தொகுப்பின் முதுகெலும்பு என்பது எனக்குப் புரிந்தது. 'எ நியூ பிகினிங்' பாடலின் இறுதியில் பெட்ரூச்சி அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டு போகும் கிட்டார் பகுதிக்காக மட்டுமே முதல் வட்டைத் திரும்ப எடுக்கலாம்.

கதை மட்டும் இரண்டாம் முறையும் தேறவில்லை. ஆண்டு 2285, மனிதர்கள் இசையை மறந்து, இயந்திரங்களின் ஓசையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பேரரசு, பாடும் வரம் பெற்ற கேப்ரியல், கண்டவுடன் காதல் கொள்ளும் பேரரசரின் மகள் ஃபெய்த். இறந்தவள் பாட்டால் உயிர்பெறும் கட்டத்தை எந்தப் பழைய நாடகக் கொட்டகையிலும் கைதட்டி வரவேற்றிருப்பார்கள். இங்கே அது நம்மைத் தொடாமல் கடந்து போகிறது. அந்த இயந்திரங்களின் இரைச்சலை மட்டும் சித்திரிக்கும் சிறு தடங்கள் ஐந்து உண்டு. உயிரற்ற ஓசையைக் கண்டிக்கும் கதை, தானே அந்த ஓசையை நமக்குப் பரிமாறுவது வேடிக்கைதான். அவற்றைத் தாராளமாகத் தாண்டிச் செல்லுங்கள். மைக் மங்கினியின் ட்ரம்ஸ் இத்தனை அடக்கமாக ஒலிப்பது மட்டும் எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

கேள்வி: 'தி அஸ்டோனிஷிங்' தொகுப்பின் எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் லப்ரீ ஒருவரே பாடியிருப்பது சாதனை அல்லவா?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: உழைப்பு என்ற அளவில் சாதனைதான். நம் கதாகாலட்சேபத்திலும் ஒருவரே எல்லாப் பாத்திரங்களாகவும் மாறுகிறார். ஆனால் அவர் இடையிடையே வசனத்தில் நின்று, இப்போது பேசுவது யார் என்று நமக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்குப் போகிறார். லப்ரீக்கு அந்த வசதி இல்லை. தந்தை, மகள், தளபதி, புரட்சிக்காரன் என அனைவரும் ஒரே தொண்டையிலிருந்து அடுத்தடுத்து வரும்போது, பாடல் வரிகளைக் கையில் வைத்திராதவர் யாருடைய சண்டை இது என்று தடுமாறத்தான் செய்வார். 'லார்ட் நஃபாரியஸ்' பாடலில் பேரரசருக்காக அவர் குரலை வளைத்து நடிக்கும் விதம் நன்றாக இருக்கிறது. அந்தத் துணிவைப் பிற பாத்திரங்களுக்கும் அவர் காட்டியிருக்கலாம். ஃபெய்த்துக்காவது ஒரு பாடகியை அழைத்திருந்தால், நான் இரண்டாம் வட்டுக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது.