எல்டோரா டிரக் பந்தயம்: 2020 வெற்றியாளர் யார்?

எல்டோரா டிரக் பந்தய வெற்றியாளர் பட்டியலைத் தொகுக்கிறீர்கள், 2020 வெற்றியாளரின் பெயர் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது, கொரோனாவால் அந்த ஆண்டுப் பந்தயமே ரத்து. பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

எல்டோரா என்பது அமெரிக்காவின் ஒஹாயோவில் பந்தய வீரர் டோனி ஸ்டூவர்ட்டுக்குச் சொந்தமான அரை மைல் மண் ஓடுதளம். 1970-க்குப் பிறகு அமெரிக்க மோட்டார் பந்தய அமைப்பான நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்று (டிரக் தொடர்) முதன்முறையாக மண்ணில் ஓடியது 2013-இல் அங்கேதான். ஆஸ்டின் டில்லன் ஜெயித்தார். 2018-தான் என் கணக்கில் உச்சம்: சேஸ் பிரிஸ்கோவும் கிராண்ட் என்ஃபிங்கரும் உரசிக்கொண்டே முடிவுக் கோட்டைத் தொட்டார்கள், 0.038 விநாடியில் பிரிஸ்கோவுக்கு வெற்றி. இத்தனைக்கும் இருவரும் ஒரே அணி!

2019-இல் ஸ்டூவர்ட் ஃப்ரீசன் வென்றதுதான் அங்கே கடைசி டிரக் பந்தயம். அப்புறம், 2021-இல் ஆஸ்டின் ஹில் வென்ற இதே தொடரின் மண் பந்தயம் அயோவாவின் நாக்ஸ்வில்லில் நடந்தது. அதை எல்டோரா பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.